ரோம் என்ற பேரோடு ஆயிரம் ஆண்டு

பைசாந்தியர் என்று இன்றைய வரலாற்று நூல்கள் சொல்லும் மக்கள் தங்களை ஒருநாளும் அப்படி அழைத்துக்கொண்டதில்லை. தங்கள் பேச்சில் அவர்கள் ரோமர். அவர்களுடைய நாடு ரோமானியா. அவர்களை ஆண்டவர் ரோமர்களின் பேரரசர். பேசியது கிரேக்கம், வழிபட்டது கிறிஸ்துவை, தலைநகரமோ இத்தாலிக்கு வெகு தொலைவில் போஸ்போரஸ் நீரிணைக் கரையில். ஆனாலும் அகஸ்டஸ் சீசர் நிறுவிய அரசே அறுபடாமல் தங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்பதில் அவர்களுக்குத் துளியும் ஐயம் இல்லை. கிழக்கே இருந்த அண்டை நாட்டாரும் அதை ஒப்புக்கொண்டார்கள். அரபுகளுக்கு அவர்கள் 'ரூம்'. குர்ஆனின் முப்பதாம் அத்தியாயத்துக்கு அந்தப் பெயர்தான். அவர்களிடமிருந்து அனத்தோலியாவைப் பறித்துக்கொண்ட செல்ஜுக் துருக்கியர்கூடத் தங்கள் அரசை ரூம் சுல்தானகம் என்றே சொன்னார்கள். அந்த மண்ணில் வாழ்ந்ததால்தான் கவிஞர் ஜலாலுத்தீனுக்கு ரூமி என்ற பேர். 'பைசாந்திய' என்ற அடைமொழியைப் பரப்பியவர் ஹியரோனிமஸ் வோல்ஃப் என்னும் ஜெர்மானிய அறிஞர். அவருடைய தொகுப்பு நூல் 1557-இல் வந்தது. அப்போது அந்த அரசு அழிந்து நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

வோல்ஃப் எடுத்தாண்டது ஒரு பழைய ஊரின் பெயர். கி.மு. ஏழாம் நூற்றாண்டில் மெகாரா நகரத்துக் கிரேக்கர்கள் குடியேறிய பைசாந்தியான் என்ற துறைமுகம் அது. மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் மட்டும் நிலம். கருங்கடலுக்குப் போகும் கப்பல் எதுவும் அதன் கண்ணில் படாமல் தப்ப முடியாது. இந்த வசதியைக் கண்டுதான் பேரரசர் கான்ஸ்டன்டைன் அந்த ஊரைப் பெரிதாக்கி, 330-ஆம் ஆண்டு மே 11 அன்று தலைநகரமாகத் திறந்துவைத்தார். புதிய ரோம் என்ற பெயரும் அதற்கு வழங்கியது. மக்கள் நாவில் நின்றது கான்ஸ்டான்டிநோபிள், கான்ஸ்டன்டைனின் நகரம். 476-இல் மேற்கு ரோமின் கடைசிப் பேரரசன் பதவி இழந்தபோது கிழக்கில் எதுவும் நின்றுவிடவில்லை. எகிப்திலிருந்து கோதுமைக் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன, நீதிமன்றங்கள் நடந்தன, வரி வசூலானது.

நகரத்தைக் காத்தது அதன் மதில். கடல் இல்லாத அந்த ஒரு பக்கத்தில், இரண்டாம் தியோடோசியஸ் காலத்தில், 413 வாக்கில் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீளத்துக்கு அதை எழுப்பினார்கள். 447-இல் நிலநடுக்கம் அதன் பெரும்பகுதியைச் சாய்த்தது. ஹூணர்களின் அட்டிலா படையோடு சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. நகரத்தார் திரண்டு இரண்டே மாதத்தில் மதிலைத் திரும்ப எழுப்பி, முன்னைவிட வலுவாகவும் ஆக்கிவிட்டார்கள். முதலில் அகழி, அடுத்து வெளிமதில், அதற்குப் பின்னால் 12 மீட்டர் உயர உள்மதில், அதில் 96 கொத்தளங்கள். அவார்கள், பாரசீகர், அரபுகள், பல்கர்கள், ரஷ்யர் என்று வந்த படைகள் ஒவ்வொன்றும் இந்த மதிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. வெடிமருந்து வரும் வரை, ஆயிரம் ஆண்டுகள், நிலப்பக்கமாக அதை உடைத்தவர் ஒருவரும் இல்லை.

அரசின் இன்னொரு தூண் அதன் காசு. கான்ஸ்டன்டைன் ஒரு ரோமானிய ராத்தல் தங்கத்தில் 72 காசு அடிக்கச் சொன்னார். லத்தீனில் சாலிடஸ், கிரேக்கத்தில் நோமிஸ்மா எனப்பட்ட அந்தக் காசின் எடை சுமார் நாலரை கிராம். நம் கணக்கில் அரைப் பவுனுக்குச் சற்று மேல். பதினோராம் நூற்றாண்டு வரை, அதாவது எழுநூறு ஆண்டுகள், அதன் மாற்று பெரிதாகக் குறையவில்லை. எந்த நாட்டு நாணயத்துக்கும் இது எளிதில் வாய்க்காத பெருமை. அந்தக் காசின் மதிப்பைச் சொல்லும் கதை ஒன்று இலங்கையில் நடக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் செங்கடல் வழியே வணிகம் செய்து, பிறகு எழுத உட்கார்ந்த அலெக்சாந்திரியாக்காரர் ஒருவரின் நூலில் அது இருக்கிறது. காஸ்மாஸ் இந்திகோபிளியூஸ்டஸ், அதாவது இந்தியாவுக்குக் கப்பலோடிய காஸ்மாஸ் என்று பிற்காலம் அவரை அழைத்தது. சோபத்ரஸ் என்ற ரோம வணிகரும் ஒரு பாரசீகரும் ஒரே சமயத்தில் இலங்கை அரசன் முன் நிற்கிறார்கள். உங்கள் இருவரின் மன்னர்களில் யார் பெரியவர் என்கிறான் அரசன். பாரசீகர் முந்திக்கொண்டு தம் மன்னரே என்கிறார். சோபத்ரஸ் அலட்டிக்கொள்ளாமல், இரண்டு மன்னர்களும் இங்கேயே இருக்கிறார்களே, பார்த்துக்கொள்ளுங்கள் என்று காசுகளைக் காட்டுகிறார். ஒன்று பளபளக்கும் பொன், மற்றது வெள்ளி. அரசன் இரண்டையும் தட்டி ஓசை பார்த்து, திருப்பித் திருப்பிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னான். சோபத்ரஸை யானை மேல் ஏற்றி முரசறைந்து ஊர்வலம் விட்டார்கள். இதைப் போன்ற கதை ஒன்றை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பிளினி எழுதியிருப்பதால், காஸ்மாஸ் சொன்னதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமச் செப்புக் காசுகள் இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருப்பதும், கரூரிலும் மதுரையிலும் அவை அகப்பட்டிருப்பதும் கதையல்ல. சங்கப் பாடல்களின் யவனர் காலம் முடிந்த பிறகும் அந்தக் கடல்வழி அடியோடு அற்றுப்போகவில்லை.

பைசாந்தியத்தின் முகமாக இன்றுவரை நினைக்கப்படுபவர் ஜஸ்டினியன். 527 முதல் 565 வரை ஆண்டார். பால்கன் நாட்டுப்புறத்துக் குடும்பம். அவர் மணந்த தியோடோராவோ நாடகமேடையிலிருந்து வந்தவர். 532 ஜனவரியில் தேரோட்டப் பந்தயத்தின் இரு ரசிகர் கூட்டங்கள், நீலமும் பச்சையும், ஒன்று சேர்ந்து கலகத்தில் இறங்கி நகரின் பாதியைக் கொளுத்தின. ஓடிப்போகத் துணிந்த கணவரைத் தடுத்து நிறுத்தியவர் தியோடோரா என்று எழுதிவைத்திருக்கிறார் அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ். பந்தயத் திடலில் முப்பதாயிரம் பேர் வெட்டுண்டதாகவும் அவரே சொல்கிறார். கலகத்தில் எரிந்தவற்றுள் தலைமைத் தேவாலயமும் ஒன்று. அந்தச் சாம்பலின் மேல் எழுந்ததுதான் ஹாகியா சோபியா, தூய ஞானத்தின் ஆலயம்.

அதைக் கட்டும் பொறுப்பை ஜஸ்டினியன் கணித அறிஞர்கள் இருவரிடம் கொடுத்தார்: திராலஸ் ஊர் ஆந்தெமியஸ், மிலேட்டஸ் ஊர் இசிடோர். சதுரமான கூடத்தின் மேல் வட்டமான குவிமாடத்தை எப்படி உட்காரவைப்பது? நான்கு பெரிய வளைவுகளை எழுப்பி, வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே மூலையில் விழும் முக்கோண இடத்தைக் கிண்ணத்தின் துண்டு போல உள்வளைத்துக் கட்டினார்கள். நான்கு துண்டுகளும் மேலே கூடுமிடத்தில் ஒரு வட்டம் கிடைத்தது. அதன் மேல் 31 மீட்டர் அகலக் குவிமாடம், அதன் அடியைச் சுற்றி 40 சாளரங்கள். காலை வெயில் அந்தச் சாளரங்களில் நுழையும்போது பாரமெல்லாம் கரைந்து, குவிமாடம் வெளிச்சத்தின் மேல் மிதப்பதாகத் தோன்றும். ஆறாண்டுகூட ஆகாமல், 537 டிசம்பர் 27 அன்று ஆலயம் திறப்பு விழாக் கண்டது. அவசரத்துக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 558-இல் குவிமாடம் இடிந்து விழுந்தது. இசிடோரின் உடன்பிறந்தார் மகன், அவரும் இசிடோர்தான், குவிமாடத்தை இன்னும் உயரமாகக் கட்டி 562-இல் முடித்தார். தரையிலிருந்து சுமார் 55 மீட்டர் உயரத்தில் இன்று நிற்பது பெரும்பாலும் அவருடையது.

அதே அரசர் தொகுத்த சட்டம் கல்லைவிட நெடுந்தொலைவு போயிற்று. திரிபோனியன் தலைமையில் அமைந்த குழு, இரண்டாயிரம் சுவடிகளில் சிதறிக் கிடந்த பழைய ரோமச் சட்ட வல்லுநர்களின் கருத்துகளை மூன்றே ஆண்டில் வடித்தெடுத்து 533-இல் 'டைஜஸ்ட்' என்ற தொகுப்பாக்கியது. பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோனாவில் அதைப் பாடமாக நடத்தத் தொடங்கினார்கள். அங்கிருந்து அது ஐரோப்பிய நாடுகளின் சட்டங்களுக்குள் புகுந்தது. டச்சுக்காரர் கப்பலேறிக் கொழும்புக்கும் வந்தது. இலங்கையில் இன்றும் வழங்கும் ரோம-டச்சுச் சட்டத்தின் வேர் இந்த ஜஸ்டினியன் தொகுப்பில் இருக்கிறது.

ஜஸ்டினியன் இத்தாலியையும் வட ஆப்பிரிக்காவையும் மீட்டார், கஜானாவைக் காலி செய்தார். 541-இல் எகிப்தில் தலைகாட்டிய கொள்ளைநோய் மறு ஆண்டே தலைநகரைச் சூறையாடியது. அடுத்த நூறாண்டில் நிலைமை தலைகீழானது. பேரரசர் ஹெராக்ளியஸ் பாரசீகரை முறியடித்துத் திரும்பிய சில ஆண்டுகளில், 636-இல் யர்முக் ஆற்றங்கரையில் அரபுப் படையிடம் தோல்வி. சிரியா, பாலஸ்தீனம், பிறகு எகிப்து என்று வளமான மாகாணங்கள் ஒவ்வொன்றாகப் போயின. எகிப்தோடு கோதுமையும் போயிற்று. எஞ்சியது சிறிய நாடு. ஆனால் ஒரே மொழி, ஏறத்தாழ ஒரே சமயம் என்று இறுக்கமான நாடு. அரசாணைகளில் லத்தீன் மறைந்து கிரேக்கம் நிலைத்தது. 717-718-இல் அரபுக் கப்பற்படை தலைநகரை முற்றுகையிட்டபோது அதை எரித்து விரட்டியது 'கிரேக்கத் தீ'. சிரியாவிலிருந்து வந்த கல்லினிகஸ் என்பவர் கொண்டுவந்த அந்தத் திரவத்தைக் குழாய் வழியாகப் பீய்ச்சி அடித்தால் கடல்நீரின் மேலும் எரியும். அதன் கலவையை அரசு எவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைத்தது என்றால், கடைசியில் அந்த ரகசியம் அவர்களோடே போய்விட்டது.

சமயம் இந்த மக்களுக்குக் கோயிலோடு முடிகிற காரியமாக இருக்கவில்லை. கிறிஸ்து தந்தைக்கு நிகரானவரா, அவருக்குக் கீழ்ப்பட்டவரா என்ற வாதம் ரொட்டிக்கடை வரை நடந்ததாக நான்காம் நூற்றாண்டு ஆயர் நிசா கிரகோரியார் சலித்துக்கொண்டிருக்கிறார். 325-இல் நீசேயா பொதுச்சங்கம் இருவரும் ஒரே இயல்பினர் என்று வரையறுத்தது. 451-இல் கால்சிடன் சங்கம், கிறிஸ்து ஒருவரிடமே இறை இயல்பும் மனித இயல்பும் கலவாமல் பிரியாமல் உள்ளன என்றது. சொல்நுணுக்கமாகத் தோன்றலாம், அதன் விளைவு நாடளாவியது. எகிப்தின் காப்டிக் சபையும் அர்மீனியரும் சிரியர்களில் ஒரு பெரும் பகுதியும் கால்சிடனை ஏற்காமல் விலகி நின்றார்கள், இன்றும் நிற்கிறார்கள். கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் இந்த விலகிய மரபைச் சேர்ந்ததே.

பைசாந்தியச் சமயத்தை உலுக்கிய பெரும் சண்டை திருவோவியங்களைப் பற்றியது. ஐகான் எனப்படும் அந்தப் படங்கள் வீட்டிலும் கடையிலும் போர்க்களத்திலும் இருந்தன. மக்கள் முத்தமிட்டார்கள், விளக்கேற்றினார்கள். எட்டாம் நூற்றாண்டில் பேரரசர் மூன்றாம் லியோவும் அவர் மகன் ஐந்தாம் கான்ஸ்டன்டைனும் இது சிலைவழிபாடு என்று சொல்லித் தடுத்தார்கள். ஓவியங்களைச் சுண்ணாம்பு பூசி மறைத்தார்கள், எதிர்த்த துறவிகளை வதைத்தார்கள். ஓவியங்களுக்காக மிக வலுவாக வாதாடியவர் பேரரசரின் கை எட்டாத இடத்தில், கலீபாவின் ஆட்சியில் இருந்த தமாஸ்கஸ் யோவான். கடவுள் கண்ணுக்குத் தெரியாதவராக இருந்தவரை அவரை வரைய முடியாது. மனிதராகப் பிறந்து கண்முன் நடமாடிய பிறகு வரையக்கூடாது என்றால், அவர் மெய்யாகவே மனிதரானார் என்பதை மறுப்பதாகாதா என்று கேட்டார். 787-இல் பேரரசி ஐரீன் காலத்தில் கூடிய இரண்டாம் நீசேயா சங்கம் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டது: படத்துக்குச் செய்வது வணக்கம், ஆராதனை கடவுள் ஒருவருக்கே. தமிழ்க் கத்தோலிக்கர் புனிதர்களைப் பற்றிப் பேசும்போது இன்றும் கடைப்பிடிக்கிற வேறுபாடு இது. ஒன்பதாம் நூற்றாண்டில் தடை இன்னொரு முறை வந்து, 843-இல் வேறொரு பேரரசி தியோடோரா அதை ஒரேயடியாக முடித்துவைத்தார். இரண்டு முறையும் ஓவியங்களை மீட்டவர்கள் அரியணையில் இருந்த பெண்கள். தவக்காலத்தின் முதல் ஞாயிறு இன்றும் ஆர்த்தடாக்ஸ் சபைகளில் அந்த வெற்றியின் திருநாள்.

மொசைக் சித்திரங்களும் இந்தச் சமயத்தின் கண்தான். கண்ணாடிச் சில்லின் மேல் தங்கத் தகடு ஒட்டி, அதன் மேல் இன்னொரு மெல்லிய கண்ணாடிப் படலம் பூசி, அந்தச் சில்லுகளை ஈரச் சாந்தில் பதிப்பார்கள். சில்லுகளை மட்டமாகப் பதிப்பதில்லை. சற்றே சாய்த்து, ஒன்றுக்கொன்று மாறுபட்ட கோணத்தில் அழுத்துவார்கள். விளக்குச் சுடர் ஆடும்போது சுவரே மூச்சுவிடுவது போல மினுங்கும். இத்தாலியின் ராவென்னாவில் சான் விட்டாலே ஆலயச் சுவரில் ஜஸ்டினியனும் தியோடோராவும் பரிவாரத்தோடு இன்றும் அப்படித்தான் மினுங்குகிறார்கள்.

மேற்கு ஐரோப்பாவோடு உறவு மெல்ல மெல்லக் கசந்தது. தூய ஆவி தந்தையிடமிருந்து புறப்படுகிறாரா, மகனிடமிருந்துமா? திருப்பலிக்குப் புளித்த மாவில் அப்பம் சுடுவதா, புளிக்காத மாவிலா? ரோமின் போப்பாண்டவர் மற்ற ஆயர்களுக்கு மூத்தவரா, தலைவரா? 1054 ஜூலை 16 அன்று போப்பின் தூதர் கர்தினால் ஹம்பர்ட், ஹாகியா சோபியா பலிபீடத்தின் மேல் சபைநீக்க ஆணையை வைத்துவிட்டு வெளியேறினார். கான்ஸ்டான்டிநோபிளின் மறைமுதுவர் கெருலாரியஸ் பதிலுக்குத் தூதர்களை நீக்கினார். அன்றைக்கு அது பெரிய செய்தியாக யாருக்கும் படவில்லை. 1965 டிசம்பரில் போப் ஆறாம் பவுலும் மறைமுதுவர் அத்தெனாகோரஸும் சேர்ந்து அந்த நீக்கங்களை விலக்கிக்கொண்டார்கள். சபைகள் இன்னும் சேரவில்லை.

வடக்கே கதை வேறு. 863-இல் தெசலோனிக்கா ஊர்ச் சகோதரர்கள் சிரிலும் மெத்தோடியஸும் மொராவியாவுக்குப் போனார்கள். மக்களுக்குக் கிரேக்கம் கற்பிக்காமல், ஸ்லாவிய மொழிக்கே ஓர் எழுத்தை ஆக்கி, வழிபாட்டை அதில் நடத்தினார்கள். அவர்களின் மாணவர்கள் பல்கேரியாவில் உருவாக்கிய எழுத்துக்குச் சிரிலின் பெயர். ரஷ்யரும் உக்ரைனியரும் செர்பியரும் பல்கேரியரும் இன்று எழுதுவது அதில்தான். 988-இல் கீவ் அரசன் விளாதிமீர் திருமுழுக்குப் பெற்று, பேரரசர் இரண்டாம் பாசிலின் தங்கை அன்னாவை மணந்தான். படை போகாத தொலைவுக்கு வழிபாடு போய்ச் சேர்ந்தது.

அரசர்கள், போர்கள், சங்கங்கள் இவற்றுக்கிடையே அன்றாட வாழ்வு கண்ணில் படும் இடங்கள் குறைவு. அப்படி ஓரிடம் பாந்தோக்ராடோர் மடத்தின் மருத்துவமனை. பேரரசர் இரண்டாம் ஜான் கொம்னேனஸ் 1136-இல் அதற்கு எழுதிவைத்த ஒழுங்குமுறை அப்படியே கிடைத்திருக்கிறது. ஐம்பது படுக்கை. காயமும் எலும்பு முறிவும் பட்டவர்களுக்குப் பத்து, கண்நோயும் கடும் வயிற்றுநோயும் கண்டவர்களுக்கு எட்டு, பெண்களுக்குப் பன்னிரண்டு, மற்ற நோயாளிகளுக்கு மீதி. பெண்கள் பகுதிக்கு ஒரு பெண் மருத்துவரும் உண்டு. அவருக்கு ஆண் மருத்துவர்களைவிடச் சம்பளம் குறைவு என்பதையும் அந்த ஆவணம் ஒளிக்காமல் சொல்கிறது.

1071-இல் மான்சிகெர்ட் போரில் செல்ஜுக்குகளிடம் தோற்ற பின் அனத்தோலியாவின் உள்நாடு கைவிட்டுப் போயிற்று. உதவிக்கு மேற்கை அழைத்ததில் சிலுவைப்போர்கள் வந்தன. கடற்படைத் துணைக்காக வெனிஸ் வணிகர்களுக்கு 1082-இல் கொடுத்த வரிச்சலுகை, சொந்த வணிகர்களின் வயிற்றில் அடித்தது. 1204 ஏப்ரலில் எகிப்துக்கென்று புறப்பட்ட நான்காம் சிலுவைப்படை, வெனிஸ் கப்பல்களில் வந்து கான்ஸ்டான்டிநோபிளையே பிடித்து மூன்று நாள் கொள்ளையடித்தது. வென்றவர்களும் கிறிஸ்தவர், தோற்றவர்களும் கிறிஸ்தவர். பழங்கால வெண்கலச் சிலைகளைக் காசுக்காக உருக்கினார்கள். தப்பிய நான்கு குதிரைகள் வெனிஸ் புனித மாற்கு ஆலயத்தில் இன்றும் இருக்கின்றன. 1453-ஐவிட இந்த 1204-தான் பேரரசின் முதுகெலும்பை முறித்தது என்று சொல்வதில் தவறில்லை.

1261-இல் எட்டாம் மைக்கேல் பலையோலோகஸ் நகரை மீட்டபோது கிடைத்தது பாதி காலியான ஊர். வறுமையின் அளவு 1347-இல் ஆறாம் ஜான் கான்டகூசினஸின் முடிசூட்டு விழாவில் தெரிந்தது. அரச நகைகள் 30,000 டுக்கட் கடனுக்கு வெனிஸில் அடகில் கிடந்தன. மணிமுடியில் பதித்திருந்தது கண்ணாடிக் கல். விருந்து பரிமாறியது ஈயத்திலும் மண்ணிலும் செய்த தட்டுகளில். ஆனால் இதே இளைத்த காலத்தில்தான் தியோடோர் மெடோகைட்டஸ் கோரா மடத்துச் சுவர்களை மிக உயிர்ப்பான மொசைக்குகளால் நிரப்பினார். பணம் போனாலும் கை பழுதாகவில்லை.

1453 ஏப்ரலில் இருபத்தொரு வயது ஒட்டோமான் துருக்கிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் மதிலின் முன் வந்து நின்றார். நகரத்துக்குள் போரிட இருந்தவர்கள் ஏழாயிரம் பேர் அளவில். ஹங்கேரியைச் சேர்ந்த ஓர்பன் வார்த்துக் கொடுத்த மாபெரும் பீரங்கி நாள்தோறும் மதிலைப் பெயர்க்க, இரவில் நகரத்தார் மண்ணும் மரமும் கொட்டி அடைத்தார்கள். துறைமுக வாயிலை மறித்த இரும்புச் சங்கிலியைத் தாண்ட முடியாததால், துருக்கியர் கப்பல்களைத் தரைமேல் இழுத்து மறுபக்கம் இறக்கினார்கள். மே 29, செவ்வாய்க்கிழமை விடியலில் மதில் விழுந்தது. கடைசிப் பேரரசர் பதினோராம் கான்ஸ்டன்டைன் அந்தச் சண்டையில் மாண்டார். கிரேக்கருக்கும் செவ்வாய் ஆகாத கிழமைதான். அதற்கு இந்த நாளைக் காரணமாகச் சொல்வார்கள். ஹாகியா சோபியா மசூதியானது. 1930-களில் அருங்காட்சியகம், 2020 முதல் திரும்பவும் மசூதி.

அரசு போனாலும் அதன் சொத்து பல கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஹோமரையும் பிளேட்டோவையும் நாடக ஆசிரியர்களையும் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்துக் காத்தவர்கள் பைசாந்திய எழுத்தர்கள். 1397-இல் மானுவேல் கிரிசோலோரஸ் பிளாரன்சில் கிரேக்கம் கற்பிக்க ஆரம்பித்தார். கர்தினால் பெஸ்ஸாரியன் தம் சுவடிகளை 1468-இல் வெனிஸுக்குக் கொடையாகக் கொடுத்தார். ஆர்த்தடாக்ஸ் தலைமை இஸ்தான்புல்லின் பெனர் பகுதியில் இன்றும் இருக்கிறது. ஆத்தோஸ் மலையின் இருபது மடங்களில் பெரும்பாலானவை இன்னும் பைசாந்திய நேரக் கணக்கில், சூரியன் மறைவதை வைத்து, நாளை எண்ணுகின்றன. கடைசிப் பேரரசரின் தம்பி மகள் சோஃபியாவை 1472-இல் மணந்த மாஸ்கோ அரசன் மூன்றாம் இவான் இரட்டைத்தலைக் கழுகைத் தன் சின்னமாக்கிக்கொண்டான்.

அறிவொளிக் காலத்து ஐரோப்பா இவற்றையெல்லாம் சூழ்ச்சியும் சடங்கும் மிகுந்த ஆயிரமாண்டுச் சரிவாக மட்டும் பார்த்தது. ஆங்கில வரலாற்றாசிரியர் கிப்பனின் நூல் அந்தப் பார்வைக்கு அழகான உரைநடை கொடுத்ததால் அது நெடுநாள் நிலைத்தது. 1820-களில் விடுதலைப் போர் தொடுத்த கிரேக்கமும் தன்னைப் பழைய ஏதென்சின் வாரிசாக, ஹெலனியராகக் காட்டிக்கொண்டது. ஊர்ப்புறத்தில் பழைய பேர் அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. லெம்னோஸ் தீவில் பிறந்த வரலாற்றாசிரியர் பீட்டர் சரானிஸ் சொன்னது இது: 1912-இல் கிரேக்கப் படை துருக்கியரிடமிருந்து அந்தத் தீவைப் பிடித்தபோது, சிறுவர்கள் சிப்பாய்களை வேடிக்கை பார்க்க ஓடிவந்தார்கள். என்ன பார்க்கிறீர்கள் என்றான் ஒரு சிப்பாய். ஹெலனியரைப் பார்க்கிறோம் என்றார்கள். ஏன், நீங்கள் ஹெலனியர் இல்லையா என்று கேட்டான். இல்லை, நாங்கள் ரோமர் என்றார்கள் பிள்ளைகள்.